என்கிற

"சிட்டுங்கறது யாருங்க?"
வருவாய் ஆய்வாளர் கேட்டபோது
என்னிடம் பதில் இல்லை.

அம்மாப்பேட்டையில் ஆயிரத்து நாற்பது சதுர அடி.
அறுபத்தொன்றாம் வருஷத்துக் கிரயப் பத்திரம்.
அப்பா ஒருவர், பெண்கள் ஐவர் பேரிலும் வாங்கிப்போட்ட இடம்.
நான்கு பெயர்கள் வரியை விட்டு வழிகின்றன.
முதல் பெயர் மட்டும்
சிட்டு, வயது பத்தொன்பது.
எதிரே நீலமாக ஒரு பெருவிரல்.

என் வீட்டுக்காரருக்கு அத்தை முறை.
அவருக்கு ஆபீசில் ஆடிட்டாம்.
லீவு போட்டது நான்.

வாக்கப்பட்டு வந்தவளுக்கு
எல்லோரும் கூப்பிட்டதுதான் பெயர்.
விசாலாட்சி முன்பல் விழுந்து சாலாச்சி.
தெய்வயானையில் யானை போய்த் தெய்வு.
கமலவேணிக்கு, கேட்காதீர்கள், பங்காரு.
முதல் நாள் பள்ளிக்கூடத்தில்
"ஞானாம்பாள்" என்று கூப்பிட
யாரது என்று பின்னால் திரும்பிப் பார்த்தாளாம் ஞானு.

சரி, சிட்டு எதிலிருந்து உதிர்ந்தது?
எழுபத்தெட்டில் போய்ச் சேர்ந்தவர்.
பிள்ளை இல்லை. படம் இல்லை.

ஐவரில் மிச்சம் தெய்வு அத்தை, ஈரோட்டில்,
போனில், ஒரு காதில் மட்டும்.
"சிட்டு அத்தை பேர் என்னங்க?"
"சிட்டு."
"முழுப்பேரு?"
"சிட்டக்கா."

பரணில் ஏறினேன்.
தண்ணீர் கண்டு நாற்பது வருஷமான பித்தளைத் தவலை.
புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க
கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக எழுந்தது
சொர்ணாம்பிகை.

மறுபடி ஈரோடு.
"அடடே, அது எங்கம்மாவோட மாமியா பேரு!
அக்காளுக்குத்தான் வெச்சாங்க.
எங்கம்மா எப்படிச் சொல்லும், வாய் வெந்துடாதா?
மாமியா பேரச் சொல்லி
'எருமை, இங்க வாடி'ன்னு கூப்பிட முடியுமா?
அதான் சிட்டு."

பிறகு அத்தை நிறுத்தவே இல்லை.
சுகவனேசுவரர் கோயிலில் அம்மனுக்கும் அதே பேர்.
ஆகவே அம்மனையும் பேர் சொல்லிக் கும்பிட்டதில்லை அந்த மருமகள்.
"சாமி வீட்டம்மா, காப்பாத்து" என்பதோடு சரி.
அர்ச்சனைக்குக் குருக்கள் பேர் கேட்டால்
தோளில் இடிப்பாளாம், நீயே சொல்லு என்று.
"சிட்டு" என்று சொல்லுமாம் பிள்ளை.
குருக்களும் சமஸ்கிருதத்தின் நடுவே
சிட்டுவைப் பறக்கவிட்டு
விபூதி கொடுத்தாராம்.
சுகவனம் என்றால் கிளிக்காடு.
கிளிக்காட்டில் இப்படி ஒன்று.

செவ்வாய்ப்பேட்டையில் பேர் வெட்டியவன்
எழுத்துக்குக் காலணா கேட்டானாம்.
புள்ளி வைத்த எழுத்துக்குக் காசு கிடையாது என்று
அப்பா அடித்துப் பேசியதில்
ரெண்டெழுத்து இலவசம்.
(அவன் வெட்டியது மொத்தமும் புள்ளிதான்,
அது அவருக்குத் தோன்றவில்லை.)

தவலையைப் புரட்டியபோதுதான் பார்த்தேன்.
அடியில், ஆணியாலோ ஊக்காலோ,
கோணலாக
சிடடு.
யார் கீறியது?
"எங்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது.
அக்கா கைநாட்டு" என்றார் அத்தை.
அப்புறம் கொஞ்ச நேரம் போன் இரைந்துகொண்டே இருந்தது.

இ-சேவை மையத்துப் பையன் தட்டச்சினான்.
"என்கிறங்கறத சிஸ்டம் எடுக்காதுக்கா.
எ மட்டும் போட்டுக்கறேன்.
எது முன்னால?"

வெட்டிய பேரா, கீறிய பேரா?
பின்னால் பதினோரு பேர் டோக்கனோடு நின்றார்கள்.
பையன் தானாகவே முடித்துவிட்டான்:
சொர்ணாம்பிகை (எ) சிட்டு.
ட்டுக்குப் புள்ளி சரியாக வைத்திருந்தான்.
அறுபது ரூபாய்.

வீடு வந்து
தவலையைத் துடைத்துப் பரணில் ஏற்றினேன்,
எப்போதும் போலக் கவிழ்த்து.
கழுத்து கீழே போனது.
அடி மேலே வந்தது.